வாளி சிந்தாத வண்டி

ஜூன் 5

நெட்டைக்கு,

அக்கா எழுதுகிறேன். கடிதம் வந்ததும் பதறாதே, வீட்டில் எல்லோரும் சௌக்கியம். வேன்தான் போய்விட்டது.

செவ்வாய்க்கிழமை காலையில் பல் டாக்டர் கிளினிக்குக்குப் போகும் வழியில் சிக்னலில் நின்றது, நின்றதுதான். மெக்கானிக் வந்து பானெட்டைத் திறந்து பார்த்தார். பிறகு மூடிவிட்டு, "பதினோரு வருஷம் உழைச்சிருக்கு மேடம். இனிமே இதைத் தொந்தரவு பண்ணாதீங்க" என்றார். உனக்குப் பழக்கமான அதே மெக்கானிக்தான். உன்னை விசாரித்தார். மலை மேல் வானிலை நிலையத்தில் மழை அளந்துகொண்டிருக்கிறாள் என்று சொன்னேன். எதற்கு என்று கேட்டார். எனக்கே தெரியவில்லை என்றேன்.

விஷயத்துக்கு வருகிறேன். பழைய வண்டிகளை எடுத்துக்கொள்கிறவர் வேனை இழுத்துப்போகத் தயாராக இருக்கிறார். ஆனால் அது நம் இரண்டு பேர் பெயரிலும் பதிவாகியிருக்கிறது. இதோடு வைத்திருக்கும் படிவத்தில், பென்சிலால் குறி போட்ட மூன்று இடங்களிலும் கையெழுத்துப் போட்டு அனுப்பு. இதை ஃபோனில் சொல்லியிருக்கலாம். உன் மலையில் சிக்னல் கிடையாது. சிக்னல் இருந்த காலத்திலும் நாம் ஃபோனில் பேசி எதையும் முடித்ததில்லை, யாராவது ஒருத்தி பாதியிலேயே வைத்துவிடுவோம்.

வேலை நிற்கக் கூடாது இல்லையா? முப்பத்திரண்டு இடங்களில் மீன்தொட்டி பார்க்கிறேன், எல்லாவற்றையும் ஆட்டோவில் தூக்கிக்கொண்டு அலைய முடியாது. அதனால் ஒரு சின்ன எஸ்.யூ.வி. வாங்கப் போகிறேன். ஷோரூமில் இரண்டு காட்டினார்கள். ஒன்று சாம்பல் நிறம். சதுரமாக, சாதுவாக, கூரை உயரமாக இருக்கிறது. டிக்கிக்குள் ஒரு ஆள் படுத்துத் தூங்கலாம். முன்சீட்டைக்கூட அப்படியே மடித்துப் படுக்கப்போட்டுவிடலாம், பைப்பெல்லாம் நீளவாக்கில் வைத்துக்கொள்ள வசதி. தனியாகத்தானே போகிறேன். இன்னொன்று சிவப்பு. பின்பக்கம் கூரை சரிந்து, ஓடத் தயாராகக் குனிந்து நிற்கிற மாதிரி இருக்கிறது. சைலன்ஸர் இரண்டு. ஒரு வண்டிக்கு எதற்கு இரண்டு?

நான் சாம்பல் என்று முடிவு செய்துவிட்டேன். உன்னிடம் அபிப்பிராயம் கேட்கவில்லை, தகவலுக்காக எழுதுகிறேன்.

அத்தானுக்கு இரண்டுமே பிடித்திருக்கிறது. இரண்டிலும் டம்ளர் வைக்க இடம் இருக்கிறதாம்.

கையெழுத்தை மறந்துவிடாதே.

அக்கா


ஜூன் 17

அன்புள்ள குட்டை அக்காவுக்கு,

உன் கடிதம் போன வியாழக்கிழமை ஜீப்பில் வந்தது. இங்கே எல்லாம் வியாழக்கிழமைதான் வரும்: காய்கறி, பேட்டரி, பழைய செய்தித்தாள், அக்காவின் அதட்டல். ஜீப் ஒரு மணி நேரம் நின்றுவிட்டுத் திரும்பிவிடும். உன் கடிதத்தை ஆற அமர ஆறு தடவை படித்ததில் அந்த ஒரு மணி நேரம் போய்விட்டது. அதனால்தான் பதில் ஒரு வாரம் தாமதம்.

படிவத்தில் இன்னும் கையெழுத்துப் போடவில்லை. போட மாட்டேன் என்று சொல்லவில்லை. வேனில் பாதி என்னுடையது என்றால், அது பெற்றெடுக்கப் போகிற வண்டியிலும் எனக்குப் பாதி ஓட்டு உண்டு. என் ஓட்டு சிவப்புக்கு.

காரணம் சொல்கிறேன். நீ பிறந்ததிலிருந்து எதையும் ஒரு அளவு பெரிதாகத்தான் வாங்குவாய். நான் ஆறாவது படிக்கும்போது எனக்கு வாங்கின ஷூ எட்டாவதில்தான் சரியாக இருந்தது. ஒன்பதாவதில் கிழிந்துவிட்டது. உன் கல்யாண மோதிரத்தில் இன்னமும் நூல் சுற்றியிருக்கிறாய். இப்போது ஆள் படுத்துத் தூங்குகிற டிக்கி! யார் தூங்கப் போகிறார்கள், அத்தானா? ஒரே ஒரு தடவை, பார்த்ததும் பிடித்தது என்பதற்காக ஒன்றை வாங்கிப் பாரேன். மீன்களுக்கும் நல்ல வண்டியில் போக ஆசை இருக்காதா?

என்னைப் பற்றி நீ கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். நாங்கள் நாலு பேர். மூன்று மணி நேரத்துக்கு ஒரு தடவை வெளியே போய் மழை எத்தனை மில்லி, காற்று எந்தப் பக்கம் என்று பார்த்து எழுத வேண்டும். அதற்கு நடுவில் ரம்மி ஆடுகிறோம். ரூம் சின்னது, ஜன்னல் பெரியது. குளிருக்கு மூன்று சாக்ஸ். நன்றாகத்தான் இருக்கிறது. ஜீப் ஓட்டுகிற அண்ணன் ஒரு நாள், "வளைவு பழகிக்கிறியாம்மா? அவசரத்துக்கு உதவும்" என்றார். எனக்கு ஓட்டத் தெரியாது என்று சொல்லிவிட்டேன்.

ஜட்ஜ் எப்படி இருக்கிறார், துடுப்பு முளைத்ததா? ஒரு வரியாவது எழுது.

நெட்டை


ஜூன் 21

நெட்டைக்கு,

ஓட்டுப் போட இது தேர்தல் இல்லை. கையெழுத்து எங்கே?

இருந்தாலும் நீ ஏதோ எழுதிவிட்டாயே என்று, நியாயமாகவே இருந்து பார்ப்போம் என்று, இரண்டு வண்டியையும் பரீட்சை வைத்தேன். நம் வெள்ளை வாளியை எடுத்துப்போனேன். நீலக் கோடு வரைக்கும் தண்ணீர். எப்போதும் மீனைக் கொண்டுபோகிற அதே அளவு. ஷோரூமில் டை கட்டிய ஒருவர் என் கூட வந்தார். வாளியைப் பார்த்ததும், "மேடம், கார் வாஷ் நாங்களே பண்ணித் தருவோம்" என்றார். விஷயத்தைச் சொன்னதும் அவர் முகம் போன போக்கை நீ பார்த்திருக்க வேண்டும்.

முதலில் சாம்பல். டிக்கியில் வாளியை வைத்து, பாலம் ஏறி இறங்கி, பல் டாக்டர் கிளினிக் வரை போய்த் திரும்பினேன். திறந்து பார்த்தால் மூன்று மக் தண்ணீர் காணோம். டிக்கி விரிப்பு ஊறிப்போயிருந்தது. அடுத்து சிவப்பு. நாலு மக். டைக்காரர் கால்களைத் தூக்கிச் சீட்டின் மேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சரி, என் கைதான் பழகவில்லை என்று மறுபடியும் சாம்பலை எடுத்து, மாட்டு வண்டி வேகத்தில் ஓட்டினேன். பின்னால் வந்த பஸ்காரர் ஹாரனில் இருந்து கையையே எடுக்கவில்லை. அப்படியும் இரண்டு மக் போயிற்று.

நான் சும்மா விடுவேனா? மூன்று நாளில் இன்னும் நாலு ஷோரூம், ஆறு வண்டி. வாளியைக் காலுக்கடியில் வைத்தேன், சீட்டில் வைத்து பெல்ட் போட்டேன், சுற்றிலும் போர்வை அடைத்தேன். எல்லாம் சிந்துகிறது! நேற்று ஒரு ஷோரூம் வாசலில் இறங்கினதுமே உள்ளே ஒருவர், "வாளி மேடம் வந்துட்டாங்க, மிதியடியெல்லாம் எடுத்துடு" என்று கத்துகிறார். அத்தான் இதைக் கேட்டுவிட்டு ராத்திரிச் சாப்பாடு வரைக்கும் சிரித்துக்கொண்டிருந்தார்.

இப்போதெல்லாம் வண்டி செய்யத் தெரியவில்லை. நம் ஓட்டை வேன் பதினோரு வருஷம் ஓடியது, ஒரு நாளாவது ஒரு சொட்டுச் சிந்தியிருக்குமா? அந்த ஒரு நாளைத் தவிர. அன்றைக்கு ஸ்டீயரிங் யார் கையில் இருந்தது என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

ஒப்பிட்டால் சாம்பல் ஒரு மக் குறைவாகச் சிந்தியது. ஆகவே சாம்பல்.

ஜட்ஜ் இருக்கிறார்.

அக்கா


ஜூன் 24

அக்கா,

உன் கடிதம் இப்போதுதான் வந்தது. ஜீப் கீழே நிற்கிறது, அண்ணன் டீ குடித்துக்கொண்டிருக்கிறார். ஒரு மணி நேரத்தில் இதை எழுதி முடிக்க வேண்டும், அதனால் அழகாக எழுதவெல்லாம் நேரமில்லை.

வாளியை டிக்கியில் வைத்தேன் என்று படித்ததும் முதலில் சிரித்தேன். அப்புறம் அழுகை வந்துவிட்டது. எட்டு வண்டி பார்த்திருக்கிறாய். ஒரு வண்டியில்கூட உனக்குத் தோன்றவில்லையா?

வேனில் அந்த வாளி எங்கே இருந்தது? பதினோரு வருஷமாக நீ முன்னால் உட்கார்ந்து ஓட்டினாய். நான் பின்னால் உட்கார்ந்து, வாளியை இரண்டு முழங்காலுக்கும் நடுவில் இடுக்கி, விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தேன். நீ இடது பக்கம் திரும்பினால் நானும் வாளியை இடது பக்கமே லேசாகச் சாய்ப்பேன். நீ பிரேக் போடுவதற்கு முன்னால் மூக்கை உறிஞ்சுவாய், அது உனக்கே தெரியாது. அந்தச் சத்தம் கேட்டதும் தூக்கிக்கொள்வேன். என் எல்லா சுடிதாரிலும் முழங்காலுக்கு மேல் வட்டமாகச் சாயம் போயிருக்கும், பார்த்ததில்லையா? தண்ணீர் சிந்தாமல் இருந்ததற்கு வேன் காரணமில்லை அக்கா. நான்தான் காரணம்.

நீ திரும்பிப் பார்த்ததே இல்லை. சிந்தாத தண்ணீரை யார் திரும்பிப் பார்ப்பார்கள்?

அந்த ஒரு நாளைப் பற்றி நீயே எழுதிவிட்டாய், அதனால் நானும் எழுதுகிறேன். உன் வலது கையில் கட்டு. அதனால்தான் நான் ஓட்டினேன், நீ பின்னால் ஜட்ஜோடு உட்கார்ந்தாய். ரோட்டில் ஒரு பந்து உருண்டு வந்தது. பந்து வந்தால் பின்னாலேயே ஒரு குழந்தை வரும் என்று பிரேக்கை மிதித்தேன். வந்தது. அந்தக் குழந்தையை நீயும் பார்த்தாய். ஆனால் வாளி கவிழ்ந்து, ஜட்ஜ் சீட்டுக்கடியில் போய்த் துடித்து, நாம் அவரைத் தூக்கிக்கொண்டு சலூனுக்குள் ஓடித் தலை கழுவுகிற பேசினில் போட்டு, எல்லாம் முடிந்த பிறகு நடுரோட்டில் அத்தனை பேர் முன்னால் நீ சொன்னாய்: "இனிமே என் வண்டி ஸ்டீயரிங்கைத் தொட்டே, நடக்கறது வேற!" என் வண்டி என்றாய். நம் வண்டி என்று சொல்லவில்லை.

எட்டு மாதம் ஆகிறது. அந்த ஒரு வாக்கியத்தை நீ திருப்பி எடுத்துக்கொள்வாய் என்று ஒவ்வொரு வியாழக்கிழமையும் ஜீப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன். படிவம்தான் வந்தது.

கையெழுத்துப் போட்டு இதோடு வைத்திருக்கிறேன், மூன்று இடத்திலும். சாம்பலையே வாங்கிக்கொள். முன்சீட்டை மடித்துப் போட்டுக்கொள். ஒரு ஆள் போவதற்கு அதுதான் சரியான வண்டி.

இங்கே என்னை இன்னும் இரண்டு வருஷம் இருக்கச் சொல்கிறார்கள். ஒப்பந்தம் மேஜை மேல் இருக்கிறது. ஜூலை ஒன்றாம் தேதி ஜீப்பில் கையெழுத்தோடு கீழே போக வேண்டும். போட்டுவிடலாம் என்றிருக்கிறேன். மழை அளப்பதில் ஒரு வசதி, சிந்தினதைத்தான் அளக்கிறோம், யாரும் திட்டுவதில்லை.

அண்ணன் ஹாரன் அடிக்கிறார்.

நெட்டை


ஜூன் 28

என் நெட்டைக்கு,

இந்தக் கடிதத்தைத் தபாலில் போடவில்லை. அத்தான் ஸ்கூலுக்கு லீவு போட்டுவிட்டு, ஜீப் கிளம்புகிற டிப்போ வரைக்கும் பஸ்ஸில் போய், அந்த அண்ணன் கையிலேயே கொடுக்கப் போகிறார். வியாழக்கிழமை உன் கைக்கு வராமல் போனால் அண்ணனை நான் சும்மா விட மாட்டேன் என்றும் சொல்லச் சொல்லியிருக்கிறேன். முதலில் இதைப் படி. அந்த ஒப்பந்தத்தை அப்புறம் பார்க்கலாம்.

எனக்குச் சுற்றி வளைத்து எழுத வராது. அன்றைக்கு வாளி கவிழ்ந்ததற்கு உன் பிரேக் காரணமில்லை. கவிழ்த்தது நான்.

கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு, ஒரே கையால்தான் வாளியைப் பிடித்திருந்தேன். ஃபோன் அடித்தது. பல் டாக்டர். எங்கே வந்துட்டீங்க என்று கேட்பார் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் எடுத்தேன். எடுப்பதற்கு அந்த ஒரு கையையும் விட்டேன். அந்த நிமிஷம்தான் பந்து வந்தது. நீ முன்னால் பார்த்துக்கொண்டிருந்தாய், அதனால் உனக்குத் தெரியாது. நீ பார்க்கவில்லை என்பது எனக்குத் தெரியும், அதனால்தான் அவ்வளவு சத்தமாகக் கத்தினேன். தப்பு செய்தவளுக்குத்தான் குரல் பெரிதாக வரும். எட்டு மாதமாக அத்தானிடம்கூடச் சொல்லவில்லை. இந்தக் கடிதத்தை மடிப்பதற்கு முன்னால் அவரைப் படிக்கச் சொன்னேன். படித்துவிட்டு, "ஏன்டி, இதைச் சொல்ல எட்டு மாசமா?" என்று மட்டும் கேட்டார்.

நீ போட்ட பிரேக் சரியான பிரேக். அந்தக் குழந்தை இப்போது மூன்றாவது படிக்கிறதாம், சலூன்காரர் சொன்னார். உன்னை நடுரோட்டில் வைத்துப் பேசினது பேசினதுதான், அழித்து எழுத முடியாது. ஆனால் அந்த வார்த்தையைத் திருப்பி எடுத்துக்கொள்கிறேன். மன்னித்துவிடு என்று எழுதக் கை கூசுகிறது, எழுதிவிட்டேன். வந்து நாலு திட்டு திட்டு, வாங்கிக்கொள்கிறேன். ஐந்தாவதுக்கு எதிர்த்துப் பேசுவேன்.

உன் கடிதம் கிடைத்தது சனிக்கிழமை. படித்ததும் வாளியையும் அத்தானையும் தூக்கிக்கொண்டு மறுபடியும் அதே ஷோரூமுக்குப் போனேன். டைக்காரர் என்னைப் பார்த்ததும் மேஜைக்குப் பின்னால் குனிந்து எதையோ தேட ஆரம்பித்துவிட்டார். விடவில்லை. அவரையே ஓட்டச் சொன்னேன். சாம்பலின் பின்சீட்டில் அத்தானை உட்காரவைத்து, நீ எழுதினபடியே வாளியை முழங்காலில் இடுக்கிப் பிடிக்கச் சொன்னேன். பாலம் ஏறினோம், இறங்கினோம். பேன்ட் கசங்கினதுதான் மிச்சம், ஒரு சொட்டுச் சிந்தவில்லை. எனக்கு அப்படியே தூக்கிவாரிப் போட்டது. பதினோரு வருஷம் என் முதுகுக்குப் பின்னால் இந்த வேலை நடந்திருக்கிறது, நான் என்னவோ வேனைப் பாராட்டிக்கொண்டிருந்திருக்கிறேன். அன்றைக்கு நான் பின்னால் உட்கார்ந்ததே முதல் தடவை. அப்போதாவது புரிந்திருக்க வேண்டாமா?

அடுத்து சிவப்பு. அத்தான் பின்னால் ஏறினார், சரிந்த கூரை தலையில் நங்கென்று இடித்தது. "நெட்டை இதுல உக்காரவே முடியாது. கழுத்தை ஒடிச்சுத்தான் வைக்கணும்" என்றார். சரி, இது ஆகாது என்று இறங்கப் போனேன். அப்போது ஏதோ தோன்றியது. அவரை முன்சீட்டுக்குப் போகச் சொல்லிவிட்டு, வாளியை வாங்கிக்கொண்டு நானே பின்னால் ஏறினேன்.

என் தலைக்கும் கூரைக்கும் நடுவில் நாலு விரல் இடம் இருக்கிறது.

முழங்காலில் வாளியை இடுக்கினேன். இரண்டு கையாலும் பிடித்தேன். ஃபோனை அத்தானிடம் கொடுத்துவிட்டேன். "இப்போ உங்க வண்டி ஓடற ஓட்டத்தைக் காட்டுங்க" என்றேன். டைக்காரரும் பழைய கோபத்தையெல்லாம் சேர்த்துவைத்து ஓட்டினார். இடது பக்கம் திரும்பினால் இடது பக்கமே சாய்த்தேன். அவர் மூக்கை உறிஞ்சுவதில்லை, அதனால் முதல் பிரேக்கில் கொஞ்சம் முழங்காலில் தெறித்தது. அதற்குப் பிறகு ஒன்றுமில்லை. கடைசி வளைவில் நான் சிரித்துக்கொண்டிருந்தேனாம். அத்தான் சொல்கிறார், நான் ஒத்துக்கொள்ளவில்லை.

சிவப்பையே எடுத்துவிட்டேன். பின்சீட்டில் ஒரு பாதியை மடித்தால் நாலடித் தொட்டி உள்ளே போகிறது, மறுபாதியில் நான். அதைவிட நீளமானதைத் தொட்டி செய்து தருகிற கண்ணாடிக் கடைக்காரரே லாரியில் கொண்டுவந்து இறக்கிவிடுகிறேன் என்றிருக்கிறார். அவரை இதற்கு முன்னால் நான் கேட்டதே இல்லை, எல்லாவற்றையும் நானே சுமப்பேன் என்று ஒரு வீம்பு.

டிரைவர் சீட்டைக் கடைசி வரைக்கும் பின்னால் தள்ளி வைக்கச் சொன்னேன். உன் கால் நீளத்துக்கு. டைக்காரர், "மேடம், இப்படி வெச்சா உங்களுக்குக் கிளட்ச் எட்டாதே" என்றார். எட்ட வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

வியாழக்கிழமை அவரே வண்டியை ஓட்டிக்கொண்டுவந்து நம் வீட்டு வாசலில் விடுவார். அதற்குப் பிறகு அது நகராது. நான் அந்த சீட்டைத் தொட மாட்டேன். அத்தான் ஓட்டினால் என்ன ஆகும் என்று உனக்கே தெரியும். முப்பத்திரண்டு தொட்டிக்காரர்களிடமும் ஒரு வாரம் பொறுக்கச் சொல்லியிருக்கிறேன்.

ஜட்ஜுக்குப் பழையபடி துடுப்பு முளைத்துவிட்டது. முகம் மட்டும் அதே மாதிரி, தீர்ப்புச் சொல்ல வாயெடுத்த மாதிரி. இன்றைக்குத் தொட்டி கழுவும்போது என்னை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

மழையை வேறு யாராவது அளக்கட்டும், வந்துவிடு.

பின்சீட்டில் இருந்து,
அக்கா


ஜூலை 1

அன்புள்ள பின்சீட்டு அக்காவுக்கு,

அண்ணன் கீழே ஹாரன் அடித்துக்கொண்டிருக்கிறார். கடிதத்தைப் பைக்குள் போடாமல் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு வந்தாராம். "உங்க அக்கா வீட்டுக்காரர் என்னை மிரட்டிட்டுப் போனாரும்மா. ரொம்பப் பணிவா மிரட்டினார்" என்கிறார்.

எழுத நிறைய இருக்கிறது, நேரம் இல்லை. நாலு திட்டையும் நேரில் தருகிறேன். இரண்டு இப்போதே தயார். இங்கே என் வேலையை அடுத்தவருக்குக் கற்றுக்கொடுக்க ஒரு வாரம் வேண்டும். அடுத்த வியாழக்கிழமை இதே ஜீப்பில் இறங்குகிறேன். எனக்கு ஓட்டத் தெரியும் என்று அண்ணனிடம் இப்போதுதான் சொன்னேன். கடைசி ஏழு வளைவை என்னிடம் தருகிறாராம். கை பழகட்டும்.

ஒரே ஒரு நிபந்தனை. எனக்கு மூக்கை உறிஞ்சும் பழக்கம் கிடையாது. பிரேக் போடுவதற்கு முன்னால் "அக்கா" என்று கூப்பிடுவேன். ஃபோன் அடித்தாலும் அதை மட்டும் காதில் வாங்கு.

அவசரத்தில் வெள்ளைத்தாள் கிடைக்கவில்லை, கைக்குக் கிடைத்ததில் எழுதியிருக்கிறேன். திருப்பிப் பார். பின்பக்கம் இரண்டு வருஷ ஒப்பந்தம். கையெழுத்துப் போட வேண்டிய இடம் கடைசியில் இருக்கிறது, இங்கேயும் பென்சிலால் குறி போட்டுத்தான் கொடுத்திருந்தார்கள். அது காலியாக இருக்கிறதா என்று நீயே சரிபார்த்துக்கொள்.

நெட்டை